ட்விலைட் ஸோன்: 156 எபிசோடில் முதலில் எதைப் பார்ப்பது?

‘ட்விலைட் ஸோன்’ அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1959 அக்டோபர் 2 அன்று தொடங்கி, 1964 ஜூன் வரை ஐந்து சீசன்கள் ஓடியது. மொத்தம் 156 எபிசோட். ஒவ்வொன்றும் விசித்திரக் கற்பனை கலந்த தனிக்கதை. ஒன்றில் வரும் ஆட்கள் அடுத்ததில் வருவதில்லை. வரிசைப்படி பார்க்கவேண்டிய கட்டாயம் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். புதிதாகப் பார்க்க வருபவருக்கு இந்தச் சுதந்திரமே தொல்லையாகிவிடுகிறது. நுழைந்த இடம் சரியில்லை என்றால், ‘பழைய கறுப்பு வெள்ளை சீரியல், முடிவைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்’ என்று எழுந்து போய்விடுவார்கள். இந்தத் தொடரை அப்படி இழப்பது பெரிய நஷ்டம் என்று நம்புகிறேன். அதனால்தான் முதல் எபிசோட் எது என்ற கேள்வியை இவ்வளவு யோசிக்கிறேன்.

ஒளிபரப்பான வரிசையிலேயே தொடங்கலாமே என்று தோன்றும். முதலில் வந்தது ‘வேர் இஸ் எவ்ரிபடி?’. ஒருவன் ஓர் ஊருக்குள் நடந்து வருகிறான். அடுப்பில் காபி கொதிக்கிறது, போலீஸ் நிலையத்தில் சுருட்டு புகைந்துகொண்டிருக்கிறது, ஆனால் ஆள் ஒருவரும் இல்லை. இதுவரை அருமை. கடைசியில், விண்வெளிப் பயணப் பயிற்சிக்காக 484 மணி நேரம் தனிமைப் பெட்டியில் அடைபட்டிருந்த விமானப்படை வீரனின் பிரமை இது என்று விளக்கிவிடுகிறார்கள். சேனலையும் ஸ்பான்சரையும் சம்மதிக்க வைப்பதற்கான மாதிரி எபிசோட் என்பதால் எல்லாவற்றுக்கும் பத்திரமாக ஒரு காரணம் சொல்லவேண்டியிருந்தது போல. பின்னால் வந்தவற்றில் நல்லவை பலவும் இப்படிக் காரணம் சொல்வதில்லை. வரிசையை மறந்துவிடலாம்.

‘சிறந்த பத்து’ பட்டியல்களை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஏறக்குறைய அதே பெயர்கள்தான்: ‘டு செர்வ் மேன்’, ‘டைம் இனஃப் அட் லாஸ்ட்’, ‘ஐ ஆஃப் த பிஹோல்டர்’, ‘நைட்மேர் அட் 20,000 ஃபீட்’, ‘தி இன்வேடர்ஸ்’, ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’, ‘இட்ஸ் எ குட் லைஃப்’, ‘வாக்கிங் டிஸ்டன்ஸ்’. எல்லாமே பார்க்கவேண்டியவைதான். ஆனால் எல்லாம் ஒரே ரகம் இல்லை. கடைசி நிமிடத் திருப்பத்துக்காகவே கட்டப்பட்ட கதைகள் சில. திருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கக்கூடிய கதைகள் சில. விடை தெரிந்த விடுகதையை அதே ஆளிடம் இன்னொரு முறை போட முடியாது. முதல் வகைக் கதைகளின் கதியும் அதுதான்.

அதனால் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இன்றைய பார்வையாளருக்கு இது ரொம்பப் பொருந்தும். ஓடிடியில் திருப்பத்துக்கு மேல் திருப்பம் வைக்கும் தொடர்களைப் பார்த்துப் பழகியவரை 1961-ஆம் ஆண்டின் திருப்பத்தை வைத்து அசத்துவது கடினம். பத்தாவது நிமிடத்திலேயே அவர் மனசு ‘இது கனவா, இவன் ஏற்கனவே செத்துவிட்டானா, இது வேறு கிரகமா’ என்று வாய்ப்புகளை எண்ண ஆரம்பித்துவிடும். அவருக்குக் காட்டவேண்டியது, ஊகித்தாலும் தப்ப முடியாத கதை.

முடிவைச் சொன்னால் கெட்டுப்போகும் எபிசோடுகளின் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. கெடாதவற்றின் முடிவைத் தாராளமாகச் சொல்வேன்.

‘டு செர்வ் மேன்’ 1962 மார்ச்சில் வந்தது. டேமன் நைட்டின் சிறுகதை. ஒன்பதடி உயர வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருகிறார்கள். பசியை ஒழிக்கிறார்கள், போரை நிறுத்துகிறார்கள், கூடவே ஒரு புத்தகத்தையும் விட்டுச் செல்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கதை. கடைசி வசனத்தை முதல் முறை கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார், சந்தேகமே இல்லை. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அந்த வசனத்துக்கு முன்னால் இருக்கும் இருபது நிமிடம் எவ்வளவு மெலிந்தது என்று தெரிகிறது. பழைய செய்திப்படத் துண்டுகள், அலுவலக அறைகள், நிறைய விளக்க உரை. மனிதர்கள் என்று நினைவில் நிற்பவர் யாரும் இல்லை. அது மட்டுமல்ல, பாப் கலாச்சாரத்தில் இந்த முடிவை இத்தனை பேர் கிண்டலடித்துவிட்டார்கள் என்பதால், எபிசோடைப் பார்க்காதவருக்கும் விடை எங்கிருந்தாவது காதில் விழுந்திருக்க வாய்ப்புண்டு. முதல் எபிசோடாக வேண்டாம்.

‘தி இன்வேடர்ஸ்’ இதைவிடப் பல படி மேல். ரிச்சர்ட் மாதீசன் எழுதியது, டக்ளஸ் ஹேய்ஸ் இயக்கியது, 1961 ஜனவரி. ஒதுக்குப்புறமான வீட்டில் தனியாக இருக்கும் வயதான பெண். கூரைமேல் பறக்கும் தட்டு ஒன்று இறங்குகிறது. அதிலிருந்து வரும் குட்டி உருவங்களோடு அவள் போராடுகிறாள். அந்தப் பெண்ணாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட் வானொலி நாடகங்களில் குரலாலேயே பேர் வாங்கியவர். அவருக்கு இதில் ஒரு வார்த்தைகூட வசனம் இல்லை. முனகல், மூச்சு, வலியில் எழும் ஓசை, அவ்வளவுதான். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை அந்த மௌனத்தை நிரப்புகிறது. ஏறக்குறைய முழுக்க வசனமில்லாமல் போவதால், ஆங்கிலம் அதிகம் பழகாத பெரியவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால் இதுதான் பொருத்தம். சப்டைட்டிலைத் துரத்தாமல் நேராகத் திரையைப் பார்க்கலாம். திருப்பம் தெரிந்த பிறகும் மூர்ஹெட்டின் உடல்மொழிக்காகப் பார்க்கலாம். ஆனால் குட்டி உருவங்கள் பொம்மைகள் என்று பளிச்சென்று தெரியும். அதை மன்னிக்கத் தெரிந்தவருக்கு மட்டும்.

பொம்மைத்தனம் என்றால் ‘நைட்மேர் அட் 20,000 ஃபீட்’ ஞாபகம் வந்துவிடும். 1963 அக்டோபர், மாதீசன் கதை, ரிச்சர்ட் டானர் இயக்கம், வில்லியம் ஷாட்னர் நடிப்பு. விமான இறக்கையின் மேல் ஏதோ ஒன்று உட்கார்ந்து எஞ்சினைப் பிய்ப்பதை ஒரு பயணி பார்க்கிறார். மனநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்பும் ஆள் அவர், சொன்னால் யார் நம்புவார்கள்? ஷாட்னர் ஜன்னல் திரையை விலக்குவதா வேண்டாமா என்று தவிக்கும் இடம் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். திரை விலகியதும் தெரிவது புசுபுசுவென்று ரோம உடை போட்ட ஆள். புதியவர் அங்கே சிரித்துவிட்டால் எபிசோட் தீர்ந்தது. தொடரோடு கொஞ்சம் பழகிய பிறகு இதற்கு வருவது நல்லது.

‘டைம் இனஃப் அட் லாஸ்ட்’ பற்றி எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. பலர் இதைத்தான் முதலிடத்தில் வைக்கிறார்கள். லின் வெனபிளின் கதையிலிருந்து எடுத்தது, 1959 நவம்பர். ஹென்றி பெமிஸ் என்ற வங்கி ஊழியர், சோடாபுட்டிக் கண்ணாடி, புத்தகப் பைத்தியம். மேலதிகாரி படிக்க விடுவதில்லை, மனைவியும் விடுவதில்லை. மதிய உணவு நேரத்தில் பாதுகாப்பு அறைக்குள் ஒளிந்து படிக்கும்போது வெளியே ஹைட்ரஜன் குண்டு விழுகிறது. உலகமே அழிகிறது. மிஞ்சியவர் பெமிஸ் மட்டும். இடிந்த நூலகத்தின் படிகளில் புத்தகங்களை மாதவாரியாக அடுக்குகிறார். இனி நேரத்துக்குப் பஞ்சமில்லை. குனிகிறார், கண்ணாடி விழுந்து உடைகிறது. இந்த முடிவை ஊரே அறியும் என்பதால் நான் சொல்வதில் தவறில்லை.

பர்ஜெஸ் மெரிடித்தின் முகம்தான் இந்த எபிசோடின் உயிர். இடிபாடுகளுக்கு நடுவே அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்கும்போது நமக்கும் மனசு லேசாகிறது, அதே நேரம் அந்தச் சந்தோஷம் பயமாகவும் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. பெமிஸ் செய்த பாவம் என்ன? இந்தத் தொடரில் கெட்டவர்களுக்குத் தண்டனை கிடைக்கும், அல்லது தண்டனைக்கு ஏதாவது ஒரு நியாயம் இருக்கும். இங்கே படிக்க ஆசைப்பட்ட ஒரு சாதுவைப் பிடித்து உதைக்கிறார்கள். மனைவி, அவர் படிக்கும் கவிதைப் புத்தகத்தின் வரிகளையெல்லாம் கோடு போட்டு அழித்துவைக்கிற காட்சியும் கேலிச்சித்திரம் அளவுக்கு மிகையானது. விதி காரணமில்லாமல்தான் அடிக்கும், அதைத்தான் எபிசோட் சொல்கிறது என்று வாதிடலாம். அந்த வாதத்தை மதிக்கிறேன். ஆனாலும் இந்தத் தொடரின் மனசு இவ்வளவு கல் என்று முதல் நாளே ஒருவர் நினைத்துவிடக் கூடாது. மெரிடித்தைப் பிடித்துப்போனால் அவர் நடித்த ‘தி ஆப்ஸலீட் மேன்’ (1961 ஜூன்) பாருங்கள். நூலகர் ஒருவரை ‘உபயோகமில்லாதவர்’ என்று சொல்லி அரசாங்கமே மரண தண்டனை விதிக்கிறது. அங்கேயும் புத்தகம்தான், அங்கேயும் சாகப்போகிறவர்தான், ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சாகிறார்.

‘ஐ ஆஃப் த பிஹோல்டர்’ என் அளவுகோலையே கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது. 1960 நவம்பர், டக்ளஸ் ஹேய்ஸ் இயக்கம். எழுத்து ராட் செர்லிங், இந்தத் தொடரை உருவாக்கியவர், ஒவ்வொரு கதைக்கும் முன்னுரையும் முடிவுரையும் பேசுபவர். முகம் முழுக்கக் கட்டுப் போட்ட ஜேனட் டைலர் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கிறாள். மற்றவர்களைப் போல் முகம் மாற இது அவளுக்குப் பதினோராவது சிகிச்சை, இதற்கு மேல் அனுமதி இல்லை. கட்டைப் பிரிக்கப்போகிறார்கள். திருப்பம் இருக்கிறது, அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்ப்பதுதான் பெரிய விருந்து என்பேன். டாக்டர், நர்ஸ் யாருடைய முகமும் நமக்குத் தெரிவதில்லை. நிழலுக்குள் நிற்கிறார்கள், முதுகைக் காட்டுகிறார்கள், சரியாக முகம் தெரியும் கணத்தில் யாராவது குறுக்கே போகிறார்கள். இவ்வளவு செய்தும் எதுவும் வலிந்து செய்ததாகத் தோன்றுவதில்லை. ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் கிளெமென்ஸின் கைவண்ணம் அது. முகமே தெரியாததால் குரல்தான் எல்லாம். குரலில் பரிவு இருக்கிறவர்களாகப் பார்த்து ஹேய்ஸ் நடிகர்களைத் தேர்ந்தெடுத்தார். ஜேனட்டாக இரண்டு பேர்: கட்டுக்குள் இருக்கும்வரை மேக்சின் ஸ்டூவர்ட், கட்டைப் பிரித்த பிறகு டோனா டக்ளஸ். பின்னணி இசை பெர்னார்ட் ஹெர்மன்.

இதையே முதலில் காட்டினால் என்ன? காட்டலாம், தவறே இல்லை. எனக்கு ஒரே தயக்கம், தொலைக்காட்சிப் பெட்டியில் தலைவர் தோன்றி ‘எல்லோரும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்’ என்று முழங்குவதும், அதற்குப் பிறகு வரும் விளக்கமும் கருத்தைக் கையில் எடுத்துத் திணிப்பதுபோல் இருப்பது. செர்லிங்கிடம் அந்தப் பழக்கம் உண்டு. மொத்தத்தில் 92 எபிசோடுகளை எழுதியவர் அவர். அவசரம் அவசரமாக எழுதியதில் சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. அது தெரியாமல் ‘மேப்பிள் ஸ்ட்ரீட்’ எபிசோடின் முழு பலம் விளங்காது. செர்லிங் இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படை வீரராகப் பிலிப்பைன்ஸில் சண்டையிட்டவர். ஐம்பதுகளில் தொலைக்காட்சி நாடகங்கள் எழுதிப் பெரிய பெயரும் விருதுகளும் பெற்றார். 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களை வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுதலை செய்தது. அந்த அநியாயத்தை மனசில் வைத்து செர்லிங் ஒரு நாடகம் எழுதினார். ஸ்பான்சர் தரப்பு அதைப் படிப்படியாகச் சிதைத்தது. கதை நடக்கும் ஊர் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துக்கு மாறியது, கொல்லப்பட்டவன் பெயரில்லாத ஒரு வெளிநாட்டான் ஆனான். 1956-இல் ஒளிபரப்பானபோது அவர் சொல்லவந்தது அதில் மிஞ்சவில்லை. அந்தக் காலத்து நிலைமைக்கு இன்னொரு சாட்சி: நாஜி விசாரணை பற்றிய ஒரு நாடகம் 1959-இல் சிபிஎஸ்ஸில் வந்தபோது, ஸ்பான்சர் எரிவாயு நிறுவனங்களின் சங்கம் என்பதால், விஷவாயுக் கூடங்களைப் பற்றிய வசனங்களில் ‘கேஸ்’ என்ற சொல் வரும் இடத்தில் ஒலியையே நிறுத்திவிட்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில்தான் ட்விலைட் ஸோன் தொடங்குகிறது. தெற்கத்திக்காரன் ஒருவன் சொல்ல முடியாததை வேற்றுக்கிரகவாசி சொல்லலாம், ஸ்பான்சர் கவனிக்க மாட்டார் என்பதை செர்லிங் கண்டுகொண்டார். இனவெறி, கும்பல் மனநிலை, அரசு அச்சுறுத்தல் எல்லாமே விண்கலத்தில் ஏறி வந்தன.

1960 மார்ச் 4 அன்று வந்த ‘மேப்பிள் ஸ்ட்ரீட்’ அந்த வழியில் எழுதியதிலேயே உச்சம். சனிக்கிழமை சாயங்காலம், புல்வெளியும் ஐஸ்கிரீம் வண்டியுமாக ஒரு தெரு. மேலே ஏதோ சத்தம், ஒரு வெளிச்சம். மின்சாரம் போகிறது, தொலைபேசி போகிறது, கார்கள்கூடக் கிளம்பவில்லை. டாமி என்ற சிறுவன் தான் படித்த கதைகளை வைத்துச் சொல்கிறான்: வேற்றுக்கிரகத்தவர் வருவதற்கு முன்னால் மனிதர்களைப் போலவே ஒரு குடும்பத்தை அனுப்பி வைப்பார்களாம். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது லெஸ் குட்மேன் என்பவரின் கார் தானாகவே உயிர் பெறுகிறது. சிரிப்பு நிற்கிறது.

அதற்குப் பிறகு நடப்பதில் மாயம் எதுவும் இல்லை. குட்மேன் ராத்திரியில் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார் என்கிறாள் ஒருத்தி. தூக்கம் வராது, அதனால்தான் என்கிறார் அவர். நேற்றுவரை யாருக்கும் பொருட்டாக இல்லாத விஷயம் இன்றைக்குக் குற்றப்பத்திரிகை ஆகிறது. ஸ்டீவ் பிராண்ட் ஒருவர்தான் நிதானமாகப் பேசுகிறார். உடனே, நீ வீட்டில் ரேடியோ ஒன்று வைத்திருக்கிறாயே, அதில் யாரோடு பேசுகிறாய் என்று அவர் பக்கம் திரும்புகிறார்கள். இருட்டில் ஓர் உருவம் நடந்து வருகிறது. சார்லி துப்பாக்கியால் சுடுகிறான். செத்து விழுந்தது, அடுத்த தெருவில் நிலைமை எப்படி என்று பார்த்து வரப்போன பக்கத்து வீட்டுக்காரர் பீட் வான் ஹார்ன். அடுத்த நிமிடம் சார்லி வீட்டு விளக்கு எரிகிறது, கல் அவன் மேல் பாய்கிறது. கடைசியில் குன்றின் மேல் இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் நின்றுகொண்டு, சில கருவிகளை நிறுத்தினால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

முழுக்கச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் நீங்கள் பார்க்கும்போது ஒன்றும் குறையாது. வேற்றுக்கிரகவாசி இருக்கிறானா இல்லையா என்பது முக்கியமே இல்லை. எந்தக் கட்டத்தில் ஒரு நல்ல மனுஷன் கல்லைக் கையில் எடுக்கிறான் என்பதைத்தான் கண் தேடும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தக் கட்டம் கொஞ்சம் முன்னாலேயே நடந்துவிட்டதாகத் தோன்றுகிறது. முதல் முறை சார்லிதான் வில்லன் என்று நினைப்போம். அடுத்த முறை பார்த்தால், குட்மேனைப் பற்றி அந்தப் பெண் சொன்னபோது தலையாட்டியவர்கள் அத்தனை பேர் மேலும் பார்வை போகும். கம்யூனிஸ்ட் என்று ஆளாளுக்கு விரல் நீட்டிய ஐம்பதுகளின் அமெரிக்காவுக்கு எழுதியது இது. வாட்ஸ்அப் வதந்தி ஒரு தெருவை என்ன செய்யும் என்று பார்த்திருக்கும் நமக்கு விளக்கம் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. 25 நிமிடத்துக்குள் தெருவே பற்றி எரியவேண்டும் என்பதால் மனிதர்கள் மாறும் வேகம் சற்று அதிகம். இறுதியில் செர்லிங் குரல் வந்து, ஆயுதங்கள் எப்போதும் குண்டாகத்தான் வரவேண்டும் என்றில்லை, எண்ணங்களும் தப்பெண்ணங்களும்கூடக் கொல்லும் என்ற பொருளில் பேசுகிறது. படம் காட்டிவிட்டதை வாய் திரும்பச் சொல்கிறது. அவரை வெட்டிச் சிதைத்த ஸ்பான்சர்களை நினைத்துப் பார்த்தால், கடைசி வாய்ப்பில் உரக்கச் சொல்லிவிடவேண்டும் என்ற அந்தத் தவிப்பை என்னால் குறை சொல்ல முடிவதில்லை. இதே விஷயத்தை 1961 செப்டம்பரில் ‘தி ஷெல்டர்’ எபிசோடில் வேற்றுக்கிரகம் இல்லாமல், அணுகுண்டுப் பதுங்கறையை வைத்து மறுபடி எழுதினார். நல்ல எபிசோட். ஆனால் அங்கே மனிதர்கள் பேசுவது அதிகம், செய்வது குறைவு.

செர்லிங் கருத்துச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்க ‘இட்ஸ் எ குட் லைஃப்’ இருக்கிறது. ஜெரோம் பிக்ஸ்பியின் சிறுகதை, 1961 நவம்பர் 3. இதில் கடைசித் திருப்பம் என்று எதுவுமே கிடையாது. எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே செர்லிங் சொல்லிவிடுகிறார்: ஒஹாயோவில் பீக்ஸ்வில் என்ற சின்ன ஊர். அந்த ஊரைத் தவிர உலகமே மறைந்துவிட்டது. மறைய வைத்த அரக்கனுக்கு வயது ஆறு, பெயர் அந்தோனி. நினைத்தது நடக்கும் சக்தி அவனுக்கு. மனசில் கெட்ட எண்ணம் வந்தாலே அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஊரில் எல்லோரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவன் எதைச் செய்தாலும் ‘நல்லது செய்தாய் அந்தோனி, ரொம்ப நல்லது’ என்கிறார்கள். பிடிக்காதவர்களைச் சோளக்கொல்லைக்கு அனுப்பிவிடுவான். அங்கே போனவர் திரும்ப மாட்டார்.

அந்தோனியாக நடித்த பில் மூமிக்கு அப்போது ஏழு வயது. அவனிடம் வில்லத்தனம் துளிக்கூட இல்லை, அதுதான் பயம். பெரிய கண்களால் சும்மா பார்க்கிறான், அவ்வளவே. பிறந்தநாள் விருந்தில் டான் ஹோலிஸ் என்பவர் குடித்துவிட்டு, இனிமேல் தாங்காது, யாராவது பின்னால் போய் இவன் தலையில் ஒன்று போடுங்கள் என்று கதறுகிறார். அறை நிறைய ஆட்கள். பையனின் பார்வை முழுக்க டான் மேல்தான். செய்வதற்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கிறது. யாரும் செய்வதில்லை. டானுக்கு நேர்வது இந்தத் தொடரிலேயே மிகக் கொடூரமான காட்சிகளில் ஒன்று, அதையும் பெரும்பாலும் சுவரில் நிழலாகவே காட்டுகிறார்கள். பிறகு பையன் பனி பெய்ய வைக்கிறான். பயிர் பாதி அழியும் என்று சொல்ல வாயெடுத்த அப்பா பாதியிலேயே திருத்திக்கொண்டு, நல்லது என்கிறார். செர்லிங் கடைசியில் வந்து, இதற்குக் கருத்து எதுவும் இல்லை, உங்களுக்கு அந்தோனியை அறிமுகப்படுத்தவே வந்தோம் என்று முடித்துக்கொள்கிறார். அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் எல்லோரும் ஒரே குரலில் பாராட்டும் காட்சியை எங்கே பார்த்தாலும் எனக்கு இந்த எபிசோடின் முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

கலையாகப் பார்த்தால் ‘மேப்பிள் ஸ்ட்ரீட்’டைவிட இது ஒரு படி மேல் என்று நினைக்கிறேன். அப்படியும் முதலிடத்தை இதற்குத் தரவில்லை. வெளியேற வழியே இல்லாத கதை இது. முதல் எபிசோடிலேயே இந்த மூச்சுமுட்டல் சிலருக்கு அதிகம். ‘மேப்பிள் ஸ்ட்ரீட்’டில், ஸ்டீவ் பேச்சை இரண்டு பேர் கேட்டிருந்தால் போதுமே என்ற ஆதங்கத்துக்காவது இடமிருக்கிறது. பார்த்து முடித்ததும் கூட இருப்பவரோடு சண்டை போட விஷயம் கிடைக்கும். தொடரைத் தொடர்ந்து பார்க்க வைப்பது அதுதான்.

‘வாக்கிங் டிஸ்டன்ஸ்’ இவற்றோடு போட்டி போடும் கதை அல்ல, வேறு ஜாதி. 1959 அக்டோபர் 30. மார்ட்டின் ஸ்லோன், வயது 36, நியூயார்க்கில் பெரிய விளம்பர நிறுவன அதிகாரி, ஓடி ஓடிக் களைத்தவர். கார் ரிப்பேருக்கு நிற்கும் இடத்திலிருந்து சொந்த ஊர் ஒன்றரை மைல்தான். நடந்தே போகிறார். போய்ச் சேரும் ஊர் அவருடைய சின்ன வயது ஊர். அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்கள், பூங்காவில் ராட்டினம் சுற்றுகிறது, மரத்தூணில் பெயர் செதுக்கிக்கொண்டிருக்கும் பையன் அவரேதான். அந்தப் பையனைத் துரத்திப் போய், இந்த வயசை நன்றாக அனுபவித்துக்கொள் என்று சொல்லப் பார்க்கிறார். பையன் பயந்து ராட்டினத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொள்கிறான். அப்பா வந்து மகனிடம், மகன் என்று தெரிந்தே பேசுகிறார்: ஓர் ஆளுக்கு ஒரு கோடைகாலம்தான், இது அந்தப் பையனுடையது, நீ போய்விடு, உன் பக்கத்திலும் ராட்டினங்கள் இருக்கலாம், நீ பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாய். மார்ட்டின் கொஞ்சம் நொண்டிக்கொண்டே தன் காலத்துக்குத் திரும்புகிறார்.

செர்லிங் வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன். அங்கே ரெக்ரியேஷன் பூங்காவில் அந்த ராட்டினம் உண்மையாகவே இருக்கிறது. அவர் போர்ப்படையில் இருந்தபோதே, 1945-இல், அப்பா இறந்துபோனார். இது தெரிந்துகொண்டு அந்த அப்பா-மகன் காட்சியைப் பார்த்தால், திரையில் அப்பாவாக வரும் ஃபிராங்க் ஓவர்ட்டன் எவ்வளவு மென்மையாகப் பேசுகிறார் என்பது இன்னும் உறைக்கும். ஹெர்மனின் தந்தி இசை இந்தத் தொடரில் ஒலித்தவற்றிலேயே ஆகச் சிறந்தது என்பது என் தீர்மானம். எல்லா எபிசோடுகளிலும் எனக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இருபது வயதுக்காரரிடம் இதை முதலில் நீட்ட மாட்டேன். ஒன்றுமே நடக்கவில்லையே என்பார், அவர் மேல் குற்றமில்லை. சொந்த ஊருக்குப் போனபோது ஊர் சின்னதாகத் தெரிந்த அனுபவம் உள்ளவர்களுக்கு, முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கு, இதையே முதல் எபிசோடாகத் தரலாம்.

ஆக, ஒரு சாயங்காலம் கையில் இருந்தால் என் யோசனை: ‘மேப்பிள் ஸ்ட்ரீட்’ முதலில். அது பிடித்து இன்னொன்று போடு என்றால் அன்றைக்கே ‘இட்ஸ் எ குட் லைஃப்’. ‘ஐ ஆஃப் த பிஹோல்டர்’ பார்க்கும் நாளில், முடிந்ததும் எழுந்துவிடாமல் முதல் ஐந்து நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள், கேமரா எங்கெல்லாம் ஒளிந்தது என்று தெரியும். ‘வாக்கிங் டிஸ்டன்ஸ்’ தனியாக ஒரு நாளுக்கு, அதோடு வேறு எதையும் சேர்க்காமல். திருப்பத்துக்குப் பேர் போன ‘டு செர்வ் மேன்’ வகையறாவை, தொடர் பிடித்துப்போன பிறகு, ஆளுக்கொரு ஊகம் சொல்லிப் பந்தயம் கட்டிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

தவிர்க்கவேண்டியதும் உண்டு. நான்காம் சீசனின் 18 எபிசோடுகளை ஒரு மணி நேரமாக நீட்டிவிட்டார்கள். அரைமணி நேரக் கதைகளை இழுத்தது பலவற்றில் தெரியும். ‘ஆன் தர்ஸ்டே வி லீவ் ஃபார் ஹோம்’ ஒன்று விதிவிலக்கு, ஜேம்ஸ் விட்மோரின் நடிப்புக்காகவே நேரம் ஒதுக்கலாம், ஆனால் பிற்பாடு. இரண்டாம் சீசனில் செலவைக் குறைக்க ஆறு எபிசோடுகளை ஃபிலிமுக்குப் பதில் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். படம் தட்டையாக, மேடை நாடகம்போல் இருக்கும். அவற்றில் தொடங்கினால் கிளெமென்ஸின் நிழலும் ஒளியும் கிடைக்காது. 1983-இல் வந்த திரைப்படமும், 1985, 2002, 2019 ஆண்டுகளில் அதே பெயரில் வந்த புதிய தொடர்களும் தேடும்போது கலந்து வரும். எபிசோடைத் திறக்கும் முன் ஆண்டு 1959-இலிருந்து 1964-க்குள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.